வாவி மீனும் மச்சானின் பேட்டியும்

அன்புள்ள மச்சான் அன்ரோவுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் என் புருசனான உன் அண்ணன் பற்றிக்கும் சுகம். வாவி மீன்களும் இப்போது சுகம். நீயும் கண்டிக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். விஞ்ஞானிகள் பத்திரிகைக்காரரோடு பேசுவது எப்படி என்று அங்கே மூன்று நாள் வகுப்பாம், அதற்காக எல்லோரும் போனை அணைத்து வைத்திருக்கிறீர்களாம். படித்த ஆட்கள் செய்தால் ஏதோ காரணம் இருக்கும். அதனால்தான் எனக்கு வராத எழுத்தில் இதை எழுதி, கருவாட்டுப் பொட்டலத்தோடு கண்டி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். மீன் விற்கிறது. வெயிலுக்கு வாவியின் ஒரு மூலையில் மீன் செத்து மிதக்க, யாரோ ஒருத்தன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாவி முழுக்க நஞ்சு என்று வீடியோ போட்டானே, அதோடு என் மீன் மேசையில் இலையான் மட்டும்தான் மொய்த்தது. அண்ணன் பிடித்ததை நாங்களே காலையும் மாலையும் தின்று, கடைசியில் பூனைகூட எங்கள் சட்டியைக் கண்டால் அடுத்த வீட்டுக்குப் போனது. சரி, வாவித் தண்ணீரைச் சோதிக்கிற விஞ்ஞானி நம் வீட்டிலேயே இருக்கிறான், அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று சந்தி முழுக்கப் பெருமையடித்தேன். நீயும் பத்திரிகைக்காரரிடம் சொன்னாய். முழுமையான பகுப்பாய்வு முடியும்வரை எதையும் நிராகரிக்க முடியாது என்றாய். அவர்கள் 'நஞ்சை நிராகரிக்க முடியாது: விஞ்ஞானி' என்று போட்டு, பக்கத்தில் கலியாண வீட்டில் சிரித்தபடி எடுத்த உன் படத்தையும் போட்டார்கள். அதுவரை ஒளித்து ஒளித்து வாங்கிய நல்லரத்தினம் மாஸ்டரும், "உங்கட மச்சானே சொல்லிட்டாரே மேர்சி" என்றுவிட்டுக் கோழிக் கடைக்குப் போனார். உன் அண்ணன் வலையைச் சுருட்டிக் கூரையில் போட்டுவிட்டு, இனி மேசன் வேலைதான் என்றார். அவர் கட்டிய கோழிக்கூடு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று உனக்கே தெரியும்.

நீயோ அந்த ஏறாவூர் நிருபர் றுமைஸ் பொய் எழுதிவிட்டான், இனி எந்தப் பத்திரிகைக்காரனோடும் பேச்சில்லை என்று முகத்தை நீட்டிக்கொண்டிருந்தாய். அவனை உனக்குச் சொல்லாமல் வீட்டுக்குக் கூப்பிட்டது பிழைதான். சொல்லியிருந்தால் நீ பின்வேலியால் பாய்ந்திருப்பாய். வந்தவன் மெதுவாகத்தான் சொன்னான்: "சேர், நீங்க சொன்னது விளங்கல்ல. கேட்டு எழுதுவமெண்டு எத்தின தரம் கோல் பண்ணின நான். நீங்க எடுக்கல்ல. வீடியோ போட்டவன் முதல் மணியிலயே எடுத்தான்."

நீ பிளேன்டீயை ஊதினாய். அது ஆறிக் கனநேரம்.

சனம் கேட்பது ஒரே கேள்வி, தின்னலாமா, தின்னக்கூடாதா என்று நான் கேட்க, நீ ஒட்சிசன் செறிவில் தொடங்கினாய். றுமைஸ் பேனையை மூடினான். திரும்பக் கேட்டேன், உப்புத்தன்மைக்குப் போனாய். அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டபோதுதான் மனிதப் பாஷை வந்தது: "வெயில் கூட, தண்ணி குறைவு. மீனுக்கு மூச்சு முட்டிட்டுது மச்சாள். நஞ்சு இல்ல. தின்னலாம்."

இவ்வளவுதானே மச்சான். இதற்கா அத்தனை வருடம் படித்தாய்? அதோடு நிற்காமல் "ஆனா" என்று மறுபடி வாயைத் திறந்தாய். உன் ஆனாவை விட்டால் நாங்கள் பட்டினி என்று, பொரித்த மணலை மீன் ஒன்றை அந்த வாய்க்குள்ளேயே வைத்தேன். றுமைஸ் படம் எடுத்தான்.

'வாவி மீனைத் தின்னலாம்: விஞ்ஞானி' என்று இன்று முன்பக்கத்தில் வந்திருக்கிறது. வால் வெளியே தொங்க, கண் பிதுங்க, மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாய். மாஸ்டர் திரும்பி வந்தார். அண்ணனும் வலையை இறக்கிவிட்டார். ஆகவே அந்த வகுப்பில் கேட்டால் மச்சாள் சொன்னதாகச் சொல்: போனை எடு, தின்னலாமா என்பதை முதலில் சொல், பிறகு வாயை மூடு.

கருவாட்டைக் கூட இருக்கிற பெரிய ஆட்களுக்கும் கொடு. மாதா உன்னையும் உன் சோதனைப் போத்தல்களையும் உடையாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சாள் மேர்சி

பி.கு: கடிதத்தை ஒட்டப்போனால் கரையில் ஒரே சத்தம். திரும்பவும் அந்த மூலையில் மீன் செத்து மிதக்கிறது, சனம் சாக்கு சாக்காக அள்ளுகிறது. அதைத் தின்னாதீர்கள் என்றால் உன் படத்தை என் முகத்துக்கு நேரே பிடிக்கிறார்கள். மாஸ்டர் கையில்தான் பெரிய சாக்கு. சும்மா கிடைக்கிற மீன் இருக்க, என் மேசையில் மறுபடி இலையான். உன் போன் இன்னும் அணைத்தபடிதான். றுமைஸ் பேனையைத் திறந்துகொண்டு வாசலில் நிற்கிறான். ஆனாவுக்குப் பிறகு என்ன சொல்ல வந்தாய் என்று கண்டக்டரிடம் உடனே சொல்லி அனுப்பு.