விழுந்து எழுந்த ஈக்கள்

நாகமலையை ஓர் ஈ தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று ஊரே சொன்னாலும் சிரிப்பேன். ‘ஈ மாப்ள’ சொன்னால், மலை இருந்த இடத்தை ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

எழுபதுகளின் கடைசியில், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் விடுதியில் என் அறைத்தோழன் அவன். நான் பொருளாதாரம். அவன், வாழைப்பழத்தை மொய்க்கும் பொடி ஈயை வளர்த்து, நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்கிறவன். பழக்கடையில், “அண்ணே, அழுகினது இருக்கா?” என்று கேட்டு வாங்குகிற ஒரே வாடிக்கையாளர்.

ஒரு சித்திரை மதியம் லேப்பில் கரண்ட் போய், ஏசி நின்றுவிட்டது. பஞ்சடைத்த ஈ பாட்டிலை அறைக்குக் கொண்டுவந்தான்.

“மூணு வருசமாத் தேடிப் பிடிச்ச ரகம் மாப்ள. இது ஒண்ணுதான் இருக்கு. நிழல்ல இருக்கட்டும். சாப்பிட்டு வாரேன்.”

வெளிச்சம் பட்டால் குஷியாக இருக்குமே என்று நான் ஜன்னலில் வைத்தேன். பத்தே நிமிடம். அத்தனை ஈயும் மல்லாந்துவிட்டன.

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஊருக்கு ஓடப் பெட்டியை எடுத்தேன். அது அவன் பெட்டி. அப்போதுதான் அந்த மகா யோசனை: ஈதானே! கடையில் இல்லாத ஈயா?

பழக்கடையில் காகிதப் பையோடு நான் துள்ளியதைப் பார்த்த கடைக்காரர், “இன்னைக்கு ஈ மட்டும் போதுமா தம்பி?” என்றார். பிடித்துவந்ததைப் பாட்டிலில் தட்டிவிட்டேன். கீழே பிணங்கள், மேலே புதுக் குடித்தனம்.

மாப்ள வந்தான். பார்த்தான். உளறிக் கொட்டினேன்.

“கலந்து எம்புட்டு நேரம் ஆச்சு?”

“அஞ்சு நிமிசம்.”

“விழுந்தது ஒண்ணாச்சும் நடுவுல எந்திரிச்சதா?”

“செத்தது எப்படி மாப்ள எந்திரிக்கும்?”

அவன் பாட்டிலை வெயிலிலேயே வைத்துப் பஞ்சைப் பிடுங்கினான். கடை ஈக்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குப் பறந்தன. விழுந்தவை மட்டும் மிச்சம். மறுபடி அடைத்து, தண்ணீர்ப் பானையோரம் வைத்தான்.

“சூடு ஏறுனா இதுக நரம்புல சேதி ஓடாது. அம்புட்டுத்தான். கடை ஈக்கு அந்தக் கோளாறு இல்ல. நல்லவேளை, மயங்கிக் கிடந்ததால இனக்கலப்பும் நடக்கல.”

ஒரு கால் அசைந்தது. ஒரு சிறகு சிலிர்த்தது. பிறகு பாட்டில் முழுக்க எழுந்து நின்றது. ஒரு கடுகளவு உடம்புக்குள், சூட்டில் சாத்திக் குளிர்ச்சியில் திறக்கிற இப்படி ஒரு கதவா! எனக்குப் புல்லரித்தது. அடுத்த நொடி, அத்தனை நேரப் பதற்றமும் இறங்க, தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

திட்டுவான் என்று காத்திருந்தேன். ஆராய்ச்சி நோட்டை எடுத்து எனக்கு விசிறினான்.

“நீயும் இந்த ரகந்தான் மாப்ள. கொஞ்சம் ஆறவிட்டா எந்திரிச்சிருவே.”

இன்றைக்கும் படபடத்து விழுகிறேன். எழுந்தும்விடுகிறேன். நடுவில் அந்த நோட்டுக் காற்றைத்தான் காணோம்.