என் சகலையின் மாரடைப்பும் என் வயிற்றெரிச்சலும்

அடுத்தவனுடைய வேலையைப் பார்த்து, வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. நான் அடுத்தவனுடைய மாரடைப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன். (சிரிக்காதீர்கள். நீங்கள் என் சகலையைப் பார்த்ததில்லை.)

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தபோது, அதில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர் முனிரத்தினம். என் மனைவி சரோஜாவின் தங்கை மல்லிகாவைக் கட்டிக்கொண்டவர். நான் திருவள்ளூரில் ஆபீஸ் குமாஸ்தா. மணவாள நகரில் வாடகை வீடு. முனிரத்தினம் வரும்வரை பொன்னேரியில் மாமியார் வீட்டுக்கு நான் ஒருவன்தான் மாப்பிள்ளை. நான் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காட்டு நண்டு வரும்; முதல் இலை எனக்கு விழும். அவர் காக்கிச் சட்டையும் பூட்ஸுமாக வந்து இறங்கினார், நண்டின் பெரிய கொடுக்கு அவர் இலைக்குப் போய்விட்டது. என்னை "மாப்ள" என்று கூப்பிடும் மாமியார், அவரை "நைனா" என்றார். பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி! ஏழு வருஷம் மாப்பிள்ளையாக இருந்தும் எனக்குக் கிடைக்காத பட்டம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்புறம்தான் அவருக்கு மாரடைப்பு வந்தது.

ஷிஃப்டில் நின்றிருந்தவருக்கு வேர்த்துக் கொட்டி, நெஞ்சு அடைத்து, இடது கை மரத்துப் போனதாம். கூட இருந்தவர்கள் வாயு என்று சொல்லி சோடா உடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நல்லவேளை, யாரோ ஒரு புண்ணியவான் வேனில் ஏற்றி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்து, ஹார்ட் அட்டாக்தான் என்று கண்டுபிடித்து, ஊசி மருந்து போட்டுப் பிழைக்க வைத்தார்கள். எனக்கும் பதறத்தான் செய்தது. ஆனால் மூன்று வாரம் கழித்து, இன்னும் மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்ற உத்தரவோடு அவரைப் பொன்னேரிக்குக் கூட்டிவந்தார்களே, அங்கே ஆரம்பித்தது என் வினை.

அந்தக் காலத்தில் மாரடைப்புக்கு வைத்தியம் என்றால் பாதி மருந்து, பாதி படுக்கை. பல் தேய்க்கக்கூட எழுந்திருக்கக் கூடாது. சவரம் செய்ய ஆள் வீட்டுக்கே வந்தான். மாமியார் சாத்துக்குடி உரித்து ஊட்டிவிட்டார். ரேடியோ அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, கீழாநெல்லியை அரைத்து ஒரு உருண்டை கொடுத்து, "ஆபீஸுக்கு லேட்டாவுது பாருங்க மாப்ள" என்று அனுப்பிவைத்த அதே வீடு ஐயா இது! போதாததற்கு, வாசனை பட்டால் நைனாவுக்கு ஆசை வந்துவிடும் என்று நண்டு சமைப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அவர் தலைமாட்டில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டிய மாத்திரை. பொடிசாக இருக்கும். அதைக்கூட நான் ஆசையோடு பார்த்திருக்கிறேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியான வெயிலில் பஸ் மாறி, நாலு இளநீரைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன். தங்கைக்கு ஒத்தாசையாக சரோஜா முன்பே அங்கே போயிருந்தாள். மாமியார் இளநீரை வாங்கிக்கொண்டு, "செருப்பு சத்தம் போடாதீங்க மாப்ள, இப்பதான் நைனா கண்ணு அசந்துது" என்றார். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க நாதியில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மாமியார் ஒரு விசிறியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

"நைனாவுக்கு வேர்க்குது பாருங்க. கொஞ்சம் வீசுங்க."

மூத்த மாப்பிள்ளை இளைய மாப்பிள்ளைக்கு விசிறி வீசினேன். பத்து நிமிஷம் வீசினேன். வயிறு பற்றி எரிந்தது. எனக்கும் ஒரு மாரடைப்பு வந்தால் என்ன, சின்னதாக ஒன்று வந்தால் போதுமே என்று தோன்றியது. அது வருகிற வழியாக இல்லை. நானே வரவழைத்துக்கொண்டேன்.

"ஐயோ, நெஞ்சு!" என்று நாற்காலியிலிருந்து சரிந்தேன். (வேட்டி விலகாமல் பார்த்துக்கொண்டுதான் சரிந்தேன்.)

மாமியார் ஓடிவருவார் என்பது என் கணக்கு. முந்திக்கொண்டது முனிரத்தினம். எழக் கூடாத மனுஷன் கட்டிலிலிருந்து குதித்து, "அண்ணே! பயப்படாதீங்கண்ணே, நான் கீறேன்!" என்று என் வாயைத் திறந்து, நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்துவிட்டார். துப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பேசாமல் கிடந்தேன். "காத்தாட வாங்கண்ணே" என்று என்னைத் தூக்கி நிறுத்தி ஜன்னலோரம் நடத்தினார். காது சுட்டது. மண்டை 'திண் திண்' என்று இடித்தது. கண் இருட்டியது. இந்த முறை நிஜமாகவே விழுந்தேன். வேட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் திறந்தபோது நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்துகொண்டிருந்தது. சரோஜா மடியில் என் தலை. மல்லிகா காலைத் தேய்க்கிறாள். மாமியார் விசிறியால் வீசிக்கொண்டே, "எங்கள உட்டுட்டுப் போயிடாதீங்க மாப்ள!" என்று கதறுகிறார். அவர்கள் மூன்று பேருக்கும் பின்னால், முனிரத்தினம் சுவரோடு சரிந்துகொண்டிருந்தார். முஷ்டியை மடக்கி நெஞ்சில் அழுத்தியிருந்தார். முகம் வெளுத்து, வேர்வை வழிந்தது. குப்பி கையை விட்டு நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. என்னைத் தவிர அதை யாரும் பார்க்கவில்லை.

"அவரப் பாருங்க! எனக்கு ஒன்னுமில்ல! சும்மா நடிச்சேன்!" என்று கத்தினேன்.

"மயக்கத்துல இன்னான்னாமோ பெனாத்துறாரும்மா!" என்று சரோஜா அழுதாள்.

"பேசாதீங்க மாப்ள, நெஞ்சுக்கு ஆவாது" என்று மாமியார் என் தோளை அமுக்கினார்.

அவர்களை உதறிவிட்டு எழுந்தேன்; கால் நிற்கவில்லை. தவழ்ந்துதான் போனேன். கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, குப்பியை எடுத்து, அவர் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்தேன். "முழுங்காத முனிரத்தினம், கரைய விடுப்பா, கரைய விடு" என்று அழுதேன். அவர் போய்விட்டால் மல்லிகா முகத்தில் எப்படி விழிப்பேன்? எல்லா நண்டும் நீயே தின்னு, எழுந்திருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முஷ்டி தளர்ந்தது, முகத்தில் களை திரும்பியது.

மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். "தன் நெஞ்சு வலியோட தவழ்ந்து போயி எம் பொண்ணு தாலிய காப்பாத்திட்டியே, நைனா!"

நைனா! நடித்தேன் என்று இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, களைத்தவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்தப் பட்டம் கால் மணி நேரம் இருந்தது. டாக்டர் வந்து முதலில் முனிரத்தினத்தைப் பார்த்தார். நாடி பிடித்து, குழாய் வைத்துக் கேட்டு, ஊசி போட்டு, "எழுந்து ஓடுனதால வந்த வலி. ஒடனே மாத்திர வெச்சதால தப்பிச்சாரு. படுக்கைய மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "எந்த எடத்துல வலிச்சுது, காட்டுங்க" என்றார்.

நான் ஆள்காட்டி விரலை நீட்டி இடது மாரில் ஒரு புள்ளி வைத்தேன். "இதோ, இங்க சார்."

டாக்டர் சிரித்துவிட்டார். "நெஞ்சு அடைச்சவன் இப்படிக் கைய மூடி மார் மேல அழுத்துவான். ஒத்த விரலால எடம் காட்டுறதுக்கு இது இன்னா தாலுகா மேப்பா? அந்த மாத்திர ரத்தக் குழாய விரிச்சு உட்ரும். நல்லா கீற ஆளு அதப் போட்டுக்கினு எழுந்து நின்னா, பிரஷர் எறங்கி உழத்தான் செய்வான்."

மாமியார் விசிறியைக் கீழே வைத்தார். "அப்ப மொதல்ல நீங்க சொன்னதுதான் நெசமா, மாப்ள?"

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் வலியோ என்று பதறினோம். முனிரத்தினம் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்கு எங்கே வலித்தாலும் முதலில் கேட்பது "எத்தனி விரலு?" என்றுதான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கிற பேரப்பிள்ளைகள் வரை அது வந்துவிட்டது. போன தீபாவளியன்று சாப்பிட்டு எழுந்ததும் எனக்கு நிஜமாகவே நெஞ்சை அடைத்தது. சரோஜா அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்காமல், "எத்தனி விரலுங்க?" என்றாள். வீடே சிரித்தது.

சிரிக்காதவர் முனிரத்தினம் ஒருவர்தான். சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்துக்கொண்டு வந்து, என் தோளைப் பிடித்தார். "உக்காருங்கண்ணே. இந்த தபா நிக்க வெக்க மாட்டேன்."

நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட விடாத மனுஷன்!