நோக்கக் குழு

பாக்கியசீலன் சார் கம்ப்யூட்டர் அறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

டி.வி. மாதிரி இருந்த பெட்டியின் கீழ்ப்புறத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினார். சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். திரை கறுப்பாகவே இருந்து, அவருடைய வழுக்கையை அவருக்கே காட்டியது. மறுபடி அமுக்கினார், விளக்கு அணைந்தது. மறுபடி அமுக்கினார், எரிந்தது. மேசைக்கு அடியில் இன்னொரு பெட்டி நின்றது. வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருப்பதைப் போன்ற ஸ்டெபிலைசர் அது என்று அவர் முடிவு கட்டியிருந்ததால், அந்தப் பக்கம் கையே போகவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"சார், ஓடறதா?" என்று வெளியிலிருந்து கேட்டார் தலைமையாசிரியர் ஹரிஹரசுப்பிரமணியன்.

"ஓடுது சார்," என்றது பாக்கியசீலனின் வாய்.

அந்த வாயால் வந்த வினைதான் எல்லாம். கோடை விடுமுறையில் அவர் பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனது உண்மை. ஆனால், சொல்லிக் கொடுக்க வந்து நின்றவன் அவரிடம் கணக்குப் படித்துத் தோற்றுப்போன பழைய மாணவன். "வாங்க சார், உக்காருங்க, மவுஸைப் பிடிங்க," என்று அவன் பிரியமாகத்தான் சொன்னான். இவருக்கு உடம்பு கூசிவிட்டது. "மகளுக்கு விசாரிக்க வந்தேன்டே," என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் அம்பாசமுத்திரத்துக்கே திரும்பிவிட்டார். பள்ளி திறந்ததும் ஆசிரியர் அறையில் யாரோ விடுமுறைக் கதை கேட்க, "கம்ப்யூட்டர் கிளாஸ் போனேன்," என்றார். போனதைச் சொன்னார், வந்ததைச் சொல்லவில்லை.

ஆவணியில் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கொடுத்தவர் பழைய மாணவர் வெங்கட்ரமணன். கல்லிடைக்குறிச்சிக்காரர். பம்பாயில் பெரிய கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். ஆகவே கம்ப்யூட்டரை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பூட்டுவார் என்று ஊரில் எல்லோரும் நம்பினார்கள். கொடுக்கும்போது மேடையில் அவர் ஒரு நிபந்தனை வைத்தார்.

"இதை வெச்சுண்டு இந்தப் பள்ளிக்கூடம் என்ன செய்யப்போறதுன்னு எல்லா ஆசிரியர்களும் உக்காந்து பேசணும். எல்லாருக்கும் பொதுவா ஒரே நோக்கம். அதை எங்கிட்ட சொல்லணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். அறைச் சாவி, கிளாஸ் போனவர் என்பதால், பாக்கியசீலன் கைக்கு வந்தது.

இப்போது கதவைத் திறந்தவர், தலைமையாசிரியர் உள்ளே நுழையாதபடி வாசலை மறித்து நின்றார்.

"ஓடுது சார். ஆனா ஓட விடக்கூடாது. நோக்கம் முடிவாகாம மெஷினைத் தொட்டா, அப்புறம் ஆளாளுக்குத் தொடுவாங்க."

தலைமையாசிரியர் நெகிழ்ந்து போனார். "இந்தப் பொறுப்பு வேற யாருக்கு வரும்? நோக்கக் குழுன்னு ஒண்ணு போட்டுடறேன். நீங்கதான் தலைவர்."

குழு கூடியது. நோக்கம் முடிவாவதற்குள் எப்படியும் பங்குனி வந்துவிடும் என்று பாக்கியசீலன் கணக்குப் போட்டிருந்தார். ஆனால் அறிவியல் ஆசிரியர் தானியேல், உட்கார்ந்த உடனேயே, "இதுல பேச என்ன இருக்கு அண்ணாச்சி? பன்னெண்டாங்கிளாஸ் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுப்போம். வெளிய போய்ப் பிழைச்சுக்கிடும்," என்றார். தமிழாசிரியை ஜுபைதா பீவி, "நல்லதுதானே," என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். டீ கூட இன்னும் வரவில்லை.

பாக்கியசீலன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"அதெப்படி? டீச்சர், உங்க தமிழுக்கு இதுல என்ன பங்குன்னு கேக்க வேண்டாமா?" என்றார்.

"ஏன் சார், இதுல தமிழ் எழுத முடியாதா?"

"கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது டீச்சர்." எப்படிச் சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை. அவ்வளவு திடமாகச் சொன்னார்.

டீச்சர் முகம் சுண்டிப்போனது. "தமிழ் தெரியாத சாமானுக்கு நான் எதுக்குக் குழுத் தீர்மானத்துல கையெழுத்துப் போடணும்?"

"மெஷினுக்குத் தமிழ் எதுக்கு?" என்று தானியேல் விளையாட்டாகத்தான் கேட்டார். அது விளையாட்டாக முடியவில்லை. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பாக்கியசீலன் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு நோக்கம் ஒன்றுபடும் போலத் தெரிந்தபோதெல்லாம் அவர் பையப் போய்த் தானியேலிடம், "டீச்சர் உங்களைப் பத்தி அப்படிச் சொல்லுதாங்க," என்பார். டீச்சரிடம் போய், "தானியேல் உங்களைப் பத்தி இப்படிச் சொல்லுதார்," என்பார். பெரிய பொய் ஒன்றும் இல்லை. சொன்னதைக் கொஞ்சம் திருப்பிச் சொல்வதுதான். ஆசிரியர் அறை தமிழ்க் கட்சி, அறிவியல் கட்சி என்று இரண்டாக நின்றது. உடற்பயிற்சி ஆசிரியர் இரண்டு பக்கமும் போய் டீ குடித்தார்.

தானியேலும் ஜுபைதா பீவியும் ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மத்தியானம் ஒருவர் டப்பாவில் ஒருவர் கை வைப்பார்கள். பெருநாள் பிரியாணி இங்கிருந்து அங்கே போகும். கிறிஸ்துமஸ் முறுக்கு அங்கிருந்து இங்கே வரும். இப்போது டீச்சர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நூலக அறைக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டார். ஒரு நாள் பாக்கியசீலன் அந்தப் பக்கம் போனபோது அவரை நிறுத்தி, "இந்தப் பள்ளிக்கூடத்துல நீங்க ஒருத்தர்தான் சார் நேர்மையான ஆளு," என்றார். அவர் கையில் ஒரு துண்டு மீனை வைத்து, "சாப்பிடுங்க," என்றார். பாக்கியசீலன் அதைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு மைதானம் வரைக்கும் நடந்தார்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, துணி போர்த்திய கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களைத் தாண்டும்போது அவர் கீழே எதையோ தேடுகிறவர் போலக் குனிந்து நடப்பார்.

எப்படியாவது டீச்சரையும் தானியேலையும் சேர்த்து வைத்துவிட வேண்டும் என்று அவர் துணிந்த நேரத்தில் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"இனிமே தாங்காது சார். வெங்கட்ரமணனுக்கு போன் போட்டுட்டேன். சனிக்கிழமை சம்சாரத்தோட வரார். நேர்லயே தீர்ப்பு சொல்லட்டும். நீங்க அவருக்குப் போட்டுக் காட்டிடுங்கோ."

சனிக்கிழமை காலையில் பாக்கியசீலன் எல்லோருக்கும் முந்திப் பள்ளிக்கு வந்தார். மெயின் போர்டைத் திறந்து, ஒரு பியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கரண்ட் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் இல்லை. விருந்தாளி காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்.

விருந்தாளிகள் வந்தார்கள். விசிறி சுற்றவில்லை, மைக் பேசவில்லை. பாக்கியசீலன் மிகவும் வருத்தப்பட்டார்.

"கவலைப்படாதீங்க அண்ணாச்சி," என்றார் தானியேல். "பக்கத்து மண்டபத்துல கல்யாணம். அவங்க ஜெனரேட்டர்லேருந்து ஒரு வயர் இழுக்கச் சொல்லிட்டேன். கம்ப்யூட்டர் ரூமுக்கு மட்டும் வந்துரும்."

வந்தே விட்டது. அறை முழுக்க ஆசிரியர்கள். ஜன்னல் முழுக்கப் பிள்ளைகள். வெங்கட்ரமணன் முன்னால் நின்றார். அவர் மனைவி சுப்புலக்ஷ்மி நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார். பாக்கியசீலன் துணியை எடுத்தார். தனக்குத் தெரிந்த ஒரே பொத்தானை அமுக்கினார். மஞ்சள் விளக்கு எரிந்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இனி வருமா சார்?" என்றார் தலைமையாசிரியர்.

பாக்கியசீலன் முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினார். அதோடு சேர்ந்து பியூஸ் கட்டையும் வந்து, தரையில் விழுந்து, உருண்டு போய்த் தலைமையாசிரியர் செருப்பில் முட்டி நின்றது. வெளியே கல்யாண மேளம் மட்டும் கேட்டது.

பாக்கியசீலன் அதை எடுக்கக் குனியப் போய், பாதியில் நிமிர்ந்தார். வேறு பொய் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. ஜன்னலில் இருந்த முகங்களைப் பார்த்தார். அது வெளியே வரவில்லை.

"எனக்கு இதைப் போடத் தெரியாது," என்றார். "கிளாஸுக்குப் போனேன், உக்காரல. வெக்கமா இருந்துச்சு. அது வெளிய தெரியாம இருக்கத்தான் குழு, கூட்டம் எல்லாம். பியூஸைப் பிடுங்கினதும் நான்தான். டீச்சரும் தானியேலும் சண்டை போடல; நான் போட வச்சேன். அங்கன ஒண்ணும் இங்கன ஒண்ணும் சொன்னேன்."

ஜுபைதா பீவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாதுன்னு சொன்னது?"

"அதுக்கு என்ன தெரியும்னே எனக்குத் தெரியாது டீச்சர்."

தானியேல் தரையைப் பார்த்தபடி, "இந்தப் பெருநாளுக்கு எனக்குப் பிரியாணி வரலையே அண்ணாச்சி," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று பாக்கியசீலனுக்கு இருந்தது.

"தனியா உக்காந்து சாப்பிட்டதுல எனக்கு மட்டும் இறங்குச்சாக்கும்," என்றார் டீச்சர், யாரையும் பார்க்காமல்.

தலைமையாசிரியர் குனிந்து பியூஸ் கட்டையை எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு விருந்தாளியிடம் திரும்பினார். "எங்க எல்லாருக்குமே தலைகுனிவா இருக்கு. எனக்கும் தெரியாதுதான்; கேக்கக் கூச்சப்பட்டு இவர் தலையில போட்டேன். தப்பா எடுத்துக்கப்படாது. நீங்களே உங்க கையால போட்டுக் காட்டிடுங்கோ."

எல்லோரும் வழி விட்டார்கள். வெங்கட்ரமணன் கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்தார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இந்தக் கண்ணாடி கிட்டத்துப் பார்வைக்குச் சரிப்படாது," என்றார்.

சுப்புலக்ஷ்மி விசிறுவதை நிறுத்தினார்.

"அவருக்கும் தெரியாது சார், ரிட்டையர் ஆனப்போ ஆபீஸ்ல குடுத்தா, இது எதுக்குன்னு கேக்க வெக்கப்பட்டுண்டு ஆத்துல போர்த்தியே வெச்சிருந்தார், நாலு வாத்தியார் கூடி உக்காந்து யோசிச்சா எப்படியும் கண்டுபிடிச்சுச் சொல்லிடுவான்னுதான் உங்களுக்குக் கொண்டுவந்து குடுத்தார்."