அதிகாரியின் முந்தானையும் ஒரு பாவு விசாவும்

கை சும்மா இருக்காத மனிதர்கள் சில இடங்களுக்குப் போகவே கூடாது. கோயில் யானையின் பக்கத்தில், கல்யாண வீட்டில் லட்டு பிடித்து வைத்திருக்கும் அறையில், அப்புறம் விசா ஆபீஸில். முதல் இரண்டு இடங்களில் எனக்கு நேர்ந்ததை ஊர் மறந்துவிட்டது. மூன்றாவதை என் வீட்டில் யாரும் மறக்கவில்லை. மறக்க விடுவதற்கு என் மனைவி விமலா ஒன்றும் அவ்வளவு நல்லவள் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தறிகள், அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகியிருந்தது, ஆனால் வீட்டில் மனைவி இல்லை. (பயப்பட வேண்டாம், பினாங்கில் இருந்தாள்.)

விமலாவின் அப்பா மலேசியாவில் குடியேறிவிட்ட எங்கள் தூரத்துச் சொந்தம். மூத்த மகளின் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வந்தவர், இரண்டாவது மகளுக்கு என்னையும் எடுத்துக்கொண்டார். முகூர்த்தப் புடவையை நானே நெய்தேன். பத்தொன்பது நாள் குடித்தனம் நடத்தினோம். அப்புறம் அவள் கப்பலேறிவிட்டாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். படிக்க வைத்த அரசாங்கத்துக்கு இன்னும் மூன்று வருஷம் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்திருந்தாள். "மூணு வருஷம் மூணு நாளா ஓடிடும் மாப்ளே" என்றார் மாமனார். (அவருக்கென்ன, அவர் மனைவி அவரோடு அதே கப்பலில்தான் போனார்.)

ஓடவில்லை. நான்தான் ஓடிக்கொண்டிருந்தேன். தறியில் அரை மணி உட்கார்ந்தால் எழுந்து வாசலுக்கு வருவேன், தபால்காரர் சைக்கிள் தெரிகிறதா என்று பார்ப்பேன், தண்ணீர் குடிப்பேன், மறுபடி உட்காருவேன். தெருவில் பாவு நீட்டிக் காய வைக்கும்போது எதிர் வீட்டு அம்மா தவறாமல் கேட்பார்: "இன்னாப்பா, ஒம் பொண்டாட்டி வருவாளா, இல்ல அங்கயே இருந்துக்குவாளா?" சிரித்துவிட்டுப் போய்விடுவேன். உள்ளே எரியும்.

ஒன்றரை வருஷம் கழித்து விமலாவிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. 'வருஷக் கடைசி லீவுக்கு நீங்கள் வந்தே ஆகவேண்டும். இதை விட்டால் அடுத்த வருஷம்தான். உங்கள் முகம் போட்டோவில் இருக்கிற மாதிரிதான் ஞாபகம் வருகிறது. போட்டோவில் நீங்கள் அசையாமல் இருக்கிறீர்கள். நிஜத்தில் நீங்கள் அசையாமல் இருந்ததே இல்லையே. எனக்குப் பயமாக இருக்கிறது.'

அதைப் படித்துவிட்டு அழுதேன். டிக்கெட்டை மாமனார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. மிச்சம் விசா ஒன்றுதான்.

விசாவுக்கு என்னைத் தயார் செய்யும் பொறுப்பைக் கன்னியப்பன் ஏற்றுக்கொண்டான். பக்கத்து வீட்டுத் தறிக்காரன், என் வயது. வடக்கே திருப்பதி, கிழக்கே மெட்ராஸ், அவ்வளவுதான் அவன் பார்த்த உலகம். ஆனால் அவன் அக்கா புருஷன் ரங்கூனிலிருந்து திரும்பி வந்தவர் என்பதால், வெளிநாட்டு விஷயம் என்றால் தெருவே அவனைத்தான் கேட்கும்.

"இன்னாடா, கையை மடியில வெச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்கே?" என்று ஒத்திகையின் முதல் நாளே அதட்டினான். "கையை மறைச்சா கள்ளத்தனம்னு எழுதிடுவாங்க. ரெண்டு கையும் மேசை மேல இருக்கணும். அதான் முக்கியம்."

"சரிப்பா."

"எத்தினி நாள் தங்குவேன்னு கேப்பாங்க. முப்பது நாள்னு டக்குனு சொல்லணும். யோசிச்சே, இவன் அங்கயே தங்கிடுவான்னு அனுப்பிடுவாங்க."

ஒரு வாரம் தறி மிதிக்கும்போதெல்லாம் இடது காலுக்கு 'முப்பது', வலது காலுக்கு 'நாள்' என்று சொல்லிக்கொண்டே நெய்தேன். அந்த வாரம் நெய்த புடவையை வாங்கிக் கட்டிய புண்ணியவதி யாரோ, அவர் காதில் இன்னும் அது கேட்டுக்கொண்டிருக்கலாம்.

குறித்த நாளில் விடியற்காலை பஸ்ஸில் மெட்ராஸுக்குக் கிளம்பினேன். பூந்தமல்லி வருவதற்குள் நான்கு முறை இடம் மாறினேன். "உக்காருய்யா, இல்ல எறங்கி ஓடியா" என்றார் கண்டக்டர். விசா ஆபீஸ் வாசலில், கோயில் ஊர்க்காரன் புத்தி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். அங்கே வேறு யாருடைய செருப்பும் இல்லை என்பதைக் கவனித்தேன். எல்லோரும் சீக்கிரமாகவே வேலை முடிந்து போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே என்னைக் கூப்பிட்ட அதிகாரி ஒரு பெண்மணி. மலேசியத் தமிழர், முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் நல்ல கண்கள். அன்று மாலை ஏதோ விசேஷத்துக்குப் போகவேண்டியிருந்ததோ என்னவோ, அரக்குப் பட்டுப் புடவை கட்டியிருந்தார். "உட்காருங்கள்" என்று தமிழில் சொன்னதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. உட்கார்ந்தேன். இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்தேன். என்ன பயன், மேசைக்குக் கீழே கால்கள் தாமாகவே மிதிக்க ஆரம்பித்துவிட்டன. இடது, வலது, இடது, வலது. மேசை லேசாக ஆடியது. அவர் பேனாவை நிறுத்தி மேசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன தொழில்?"

"பட்டு நெசவு மேடம்."

"யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?"

"என் வீட்டுக்காரி மேடம்."

"எவ்வளவு காலம் தங்குவீர்கள்?"

ஒரு வாரமாக மிதித்து மிதித்துப் பழகிய அந்த இரண்டு வார்த்தைகளும் போன இடம் தெரியவில்லை. வாயில் வந்தது என் தொழில்தான்.

"ஒரு பாவு மேடம்."

"பாவு என்றால்?"

"தறியில ஏத்தற நீள நூல் மேடம். ஒரு பாவுல மூணு பொடவை வரும்."

"அது எத்தனை நாள்?"

இந்த இடத்திலாவது முப்பது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தொழிலில் பொய் சொல்ல எனக்கு வராது. "நாப்பத்தஞ்சு நாள் மேடம். மழை வந்தா பாவு காயாது, அம்பது ஆவும். பெரிய ஜரிகை வேலைன்னா அறுவது. கார்த்திகை மாசம்னா சொல்லவே முடியாது."

"ஆக, எப்போது திரும்பி வருவீர்கள் என்று உங்களுக்கே தெரியாது."

"தெரியும் மேடம், பாவு முடிஞ்சதும்."

அவர் பெருமூச்சு விட்டு, பக்கத்து அலமாரியிலிருந்து ஏதோ புத்தகத்தை எடுக்கத் திரும்பினார். மின்விசிறிக் காற்றில் அவருடைய முந்தானை சரிந்து மேசை மேல் விழுந்தது. கன்னியப்பன் சொன்னபடி என் இரண்டு கைகளும் அங்கேயே தயாராக இருந்தன.

எங்கள் தெருவில் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும், எதிரில் பட்டுப் புடவை வந்தால் முந்தானையின் ஓரத்தைத் திருப்பிப் பார்ப்போம். உடலும் கரையும் எப்படிக் கோத்திருக்கிறது என்பது பின்பக்கம்தான் தெரியும். அத்தை, அண்ணி, சம்பந்தி என்று யாரும் தப்புவதில்லை, யாரும் கோபித்துக்கொள்வதுமில்லை. ஆனால் அதெல்லாம் பிள்ளையார்பாளையத்தில். சத்தியமாகச் சொல்கிறேன், என் மூளைக்கு எதுவும் தெரியாது. கையே முந்தானையைத் திருப்பியது. கையே மடித்துப் பார்த்தது. ஜரிகை அசல் என்றால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரியவேண்டும். கட்டைவிரல் நகம் சுரண்டியது.

"என்ன செய்கிறீர்கள்?"

புத்தியுள்ளவன் அப்போதே விட்டிருப்பான். நான் "ஒரு நிமிஷம் மேடம்" என்றேன். (ஆமாம், அப்படித்தான் சொன்னேன். அதோடும் நிறுத்தவில்லை.) "இது எங்க ஊர்ப் பொடவை இல்ல மேடம்."

"காஞ்சிபுரம் என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்? போன வாரம்தான் வாங்கினேன்!"

"ஏமாத்திட்டாங்க மேடம். கரையைக் கோக்கவே இல்ல பாருங்க. ஜரிகையும் டூப்ளிகேட்டு, உள்ள வெள்ளையா இருக்குது."

அவர் எழுந்தார். புடவையின் ஒரு முனை என் கையில், மிச்சப் புடவை அவர் மேல். இழுபட்ட வேகத்தில் மைக்கூடு கவிழ்ந்து என் விண்ணப்பத்தின் மேல் ஓடியது. மேசைக்குக் கீழே என் கால்கள் இவ்வளவுக்கும் மிதிப்பதை நிறுத்தவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு பியூன் வந்தார். அவர் கண்டது என்ன? நின்றுகொண்டிருக்கும் அதிகாரி, அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஆண்பிள்ளை.

"யோவ்! வுடுய்யா கையை!"

விட்டேன். விட்டுவிட்டு ஓடினேன். பின்னாலிருந்து அந்த அம்மாள் "நில்லுங்கள், நில்லுங்கள்!" என்று கூப்பிட்டார். போலீஸைக் கூப்பிடத்தான் நிற்கச் சொல்கிறார் என்று இன்னும் வேகமாக ஓடினேன். பாஸ்போர்ட் மேசை மேல், குடை பெஞ்சில், செருப்பு வாசலில். கொதிக்கும் தார் ரோட்டில் பஸ் ஸ்டாண்டு வரை நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்கவேண்டும். ஒருவர் வழிவிட்டுக் கும்பிட்டார்.

தெருமுனையிலேயே கன்னியப்பன் நின்றுகொண்டிருந்தான். "இன்னா ஆச்சு? கையை மேசை மேல வெச்சியா?"

"வெச்சேன்."

"அப்ப கவலையே படாதே" என்றான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில், சைக்கிள் மணி கேட்டால் போலீஸோ என்று பின்கட்டுக்கு ஓடுவேன். வீட்டில், முடிவைத் தபாலில் சொல்வார்கள் என்று பொய் சொல்லியிருந்தேன். பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கவாவது திரும்பப் போயிருக்கலாம். தைரியமில்லை. ஒருத்தி அங்கே நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள், இங்கே நான் கை அரித்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டு ஒளிந்துகொண்டிருக்கிறேன். என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. பத்து நாள் பொறுத்து, ஒன்று விடாமல் விமலாவுக்கு எழுதிப் போட்டேன். என்னால் வர முடியாது, மன்னித்துவிடு என்று முடித்தேன்.

பதில் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். முடிந்தது என்று நினைத்தேன். பிறகு ஒரு தந்தி வந்தது. கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வரும் நாள், அவள் பெயர், அவ்வளவுதான் அதில் இருந்தது.

துறைமுகத்தில் அவளைப் பார்த்ததும் என் கால்கள் அன்றைக்குத்தான் முதல் முறையாக அசையாமல் நின்றன. நான் நெய்த முகூர்த்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கிட்டே வந்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. முந்தானையை எடுத்து என் எதிரில் நீட்டினாள்.

"பாருங்க. நல்லாத் திருப்பிப் பாருங்க. அசல்தானா?"

அழ வேண்டிய நேரம் அது. நான் வாங்கினேன், திருப்பினேன், பார்த்தேன். "இங்க ஒரு இழை வுட்டுப் போயிருக்குது" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் கஸ்டம்ஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். "உங்களை நம்பிக்கிட்டு இருந்தா நான் கிழவியாயிடுவேன். வேலையை விட்டுட்டேன். அப்பா பேசறதில்லை. இனி அங்க எந்தப் பள்ளிக்கூடத்துலயும் எனக்கு வேலை கிடையாது" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் கன்னியப்பன் கையில் ஒரு நீளமான கவருடன் நிற்கிறான். "டேய், இது நாலு தெரு சுத்திட்டு வந்துக்கீதுடா!" என் விண்ணப்பத்தில் தெரு பெயரும் கதவு எண்ணும் இருந்த இடத்தில்தான் மை கொட்டியிருந்தது. பிள்ளையார்பாளையத்தில் தெருவுக்கு ஒருவனுக்கு என் பெயர். கவர் ஒவ்வொருவன் வீட்டிலும் சில நாள் தங்கிவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்திருந்தது.

உள்ளே என் பாஸ்போர்ட். அதில் விசா. விமலாதான் கூட இருந்த சீட்டைச் சத்தமாகப் படித்தாள். 'ஒரு பாவுக்கு அனுமதி தந்திருக்கிறேன், அதாவது நாற்பத்தைந்து நாள். மழை பெய்தால் அங்கே உள்ள அலுவலகத்தில் நீட்டித்துக்கொள்ளலாம். புடவையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், நன்றி. நில்லுங்கள் என்றேனே, ஏன் ஓடினீர்கள்? உங்கள் செருப்பு இங்கே பத்திரமாக இருக்கிறது.'

விமலா விசாவின் தேதியைப் பார்த்தாள். நான் ஓடி வந்ததற்கு மறுநாள் போட்டிருந்தது. "அப்ப நான் வேலையை விட்டிருக்கவே வேண்டாம்" என்றாள் மெதுவாக. அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. அது நியாயம்தான். அடுத்த வருஷம் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள், தலைமை ஆசிரியையாகவும் ஓய்வு பெற்றாள். ஆனாலும் ஒரு நாட்டில் அவளுக்கு இருந்த வேலை என் கட்டைவிரல் நகத்தால் போனது என்பது போனதுதான். அதனால்தான் இந்தக் கதையை யார் கேட்டாலும் சொல்லும் உரிமையை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டு விசேஷ போட்டோக்களில் நான் எப்போதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். பார்ப்பவர்கள் என்ன அடக்கம் என்பார்கள். படம் எடுக்கும் முன் விமலா சொல்லும் "கையைக் கட்டுங்க" அவர்களுக்குக் கேட்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன், வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்க நாங்கள் இருவரும் விசா கேட்கப் போனோம். அதிகாரி தடிமனான கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். "பாத்தீங்களா" என்று என் காதருகே சொன்னாள் விமலா. "உங்களாலதான் இப்பல்லாம் கண்ணாடி போட்டுட்டாங்க."

எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டார் அதிகாரி. நான் வாயைத் திறப்பதற்குள் விமலா, "நாற்பத்தஞ்சு நாள்" என்றாள்.

"மழை வந்தா கொஞ்சம் கூடும் சார்" என்றேன்.

கவுண்டருக்குக் கீழே என் கால்கள் மிதித்துக்கொண்டிருந்தன. விமலா தன் காலை அவற்றின் மேல் வைத்து அழுத்தினாள். விசா முத்திரை விழும் வரை எடுக்கவில்லை.