வெல்லத்தைப் பதுக்கிய வாத்தியார்

சிரஞ்சீவி கேசவுக்கு,

திருவள்ளூரிலிருந்து உன் அத்திம்பேர் ஆராவமுதன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே உன் அக்கா பங்கஜவல்லி சௌக்கியம். உன் மருமாள், என் பெண் ஸ்ரேயா, தேவைக்கு மேலேயே சௌக்கியம். கும்மிடிப்பூண்டியில் நீயும் உன் ஆத்துக்காரியும் சௌக்கியமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன், பதில் எழுதிக் கஷ்டப்படாதே. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்த வசதி கிடையாது, கடைசி வரி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

ஸ்ரேயாவின் பிறந்த நாளுக்குத் தாய்மாமன் ஒரு பட்டுப் பாவாடை அனுப்புவான் என்று உன் அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது ஒரு அட்டைப் பெட்டி. மேலே கோட்டும் டையும் கட்டிய ஒரு குழந்தை நோட்டுக்கட்டால் விசிறிக்கொண்டு சிரிக்கிறது. 'விளையாடிக்கொண்டே பணத்தைப் படி' என்று அதன் தலைக்கு மேல் அச்சடித்திருக்கிறது. கம்பி ஆலையில் கணக்கு எழுதும் நீ, ஞாயிற்றுக்கிழமையானால் அடுக்குமாடிக் குழந்தைகளை ஒரு ஹாலில் உட்கார வைத்து இதையே வகுப்பாக நடத்துகிறாய் என்பதும், அதற்குப் பெற்றோரிடம் பீஸ் வாங்குகிறாய் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. பணத்தைப் பற்றி அந்தப் பெற்றோர் படிக்க வேண்டிய பாடம் முழுவதும் அந்த பீஸிலேயே இருக்கிறது, அதற்குப் பெட்டி எதற்கு? சரி, சொல்லிக்கொடுப்பவனின் யோக்கியதையையாவது பார்ப்போம் என்றால், திருப்பாச்சூர் தாண்டி நீ ஒரு மனை வாங்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? மழைக்காலத்தில் அங்கே கொக்கு மட்டும்தான் குடியிருக்கிறது. போன ஐப்பசியில் அந்தப் பக்கம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது உன் எல்லைக்கல்லைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசைப்பட்டேன், படகு கிடைக்கவில்லை. அப்பேர்ப்பட்ட முதலீட்டு மேதை என் பெண்ணுக்குப் பணம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பியிருக்கிறாய்.

முதல் நாள் சாயங்காலம் நானும் கூட உட்கார்ந்தேன். அட்டை முழுக்க ஊர்கள், மூன்று நான்கு ஊருக்கு ஒரு நிறம். தாயம் உருட்டி விழுந்த ஊரை வாங்கலாம், அடுத்தவர் அதில் வந்து நின்றால் வாடகை கறக்கலாம். இதுதானா உன் பெரிய பாடம் என்று அலட்சியமாக ஆடினேன். திருச்சி வந்தது, ஸ்ரீரங்கம் இருக்கிறதே என்று வாங்கினேன். மதுரை வந்தது, கள்ளழகருக்காக வாங்கினேன். காஞ்சிபுரத்தை வரதருக்காக விட மனசு வரவில்லை. வீடியோ காலில் இருந்த நீ, "அத்திம்பேர், நீங்க சேவிக்கப் போற மாதிரி வாங்கறேள். ஒரே கலரா வாங்குங்கோ, அப்பத்தான் வாடகை டபுள்" என்று இளித்தாய். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே நான் திவால். போதாததற்கு என்னைச் சிறையில் வேறு போட்டார்கள். வெளியே வர என் பெண்ணிடமே கடன் கேட்டேன். வட்டி எவ்வளவு போடலாம் என்று அவள் உன்னைக் கேட்டாள், நீயும் வெட்கமில்லாமல் சொன்னாய். அதோடு நிறுத்தினாயா? கையில் பணம் குறைவாக இருக்கிறதே மாமா என்று அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதும், "முழுப் பணம் எதுக்குடி? டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து லாக் பண்ணிடு. அப்புறம் வேணுங்கறவா எல்லாரும் உங்கிட்டதான் வந்தாகணும்" என்று ஒரு மந்திரம் ஓதினாய். அந்த மந்திரத்தின் பலனை அனுபவித்தவன் நான்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. பஞ்சாங்கத்தைத் தானாகத் தொடாத குழந்தை, அதை எடுத்து வைத்துக்கொண்டு புரட்டுகிறாள். பெருமையாக இருக்காதா எனக்கு? பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அப்பா, தை அமாவாசைக்கும் சாதா அமாவாசைக்கும் தர்ப்பணத்துக்கு ஒரே தட்சணையா வாங்கறேள்? கூட்டம் இருக்கற நாள்ல ரேட்டை ஏத்தணும்பா" என்கிறாள். பித்ருக்களுக்குச் செய்கிற காரியத்தில் ரேட்டாவது கீட்டாவது என்று நான் கத்தினால், "குழந்தை கேள்வி கேட்டா நல்லதுன்னு கேசவ் சொல்லியிருக்கான்" என்று உன் அக்கா நடுவில் வந்து நிற்கிறாள். இரண்டு நாள் கழித்து, "அப்பா, குளத்துல வெல்லம் கரைக்கறாளே, அது திரும்பி வருமா?" என்று கேட்டாள். கரைந்தது கரைந்ததுதான் அம்மா, நம்முடைய வினையும் அப்படித்தான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு உபந்யாசமே செய்தேன். அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று, ஒருதரம் விற்ற வெல்லம் மறுபடி சந்தைக்கு வராது.

கும்மிடிப்பூண்டி புகையில் உனக்கு இந்த ஊர் மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். உடம்பில் மரு, தேமல் என்று ஏதாவது வந்தால் வீரராகவப் பெருமாளை வேண்டிக்கொண்டு நம் குளத்தில் வெல்லம் கரைக்கிறார்கள். அமாவாசைக்கு அமாவாசை கூட்டம். தை அமாவாசையென்றால் கேட்கவே வேண்டாம், குளத்தைச் சுற்றி எள் போட இடமிருக்காது. அந்தக் கரையில் நாற்பது வருஷமாக எங்கள் அப்பாவும் நானும் தர்ப்பணம் பண்ணி வைக்கிறோம். என்னிடம் நிலம் இல்லை, நீ வாங்கியதைப் போல ஏரியும் இல்லை. வாத்தியார் ஆராவமுதன் ஏமாற்றமாட்டார் என்கிற பேர் ஒன்றுதான் சொத்து. அந்தப் பேரை நம்பித்தான் ஜனங்கள் வருஷா வருஷம் என்னைத் தேடி வருகிறார்கள், அந்தப் பேரை நம்பித்தான் குளக்கரைக் கடைக்காரர்கள் ஸ்ரேயா போய்க் கேட்டால் எள்ளும் தர்ப்பையும் எடுத்துக் கொடுத்துவிட்டு அப்புறமாக என்னிடம் காசு வாங்கிக்கொள்கிறார்கள்.

தை அமாவாசைக்கு முதல் நாள் நீ ஓதிய மந்திரத்தை இவள் செய்து பார்த்துவிட்டாள். பிறந்த நாளைக்குப் பெரியவர்கள் ஆசீர்வாதம் பண்ணிக் கொடுத்த பணத்தை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறியிருக்கிறாள். கடைக்குக் கொஞ்சம் டோக்கன். "இருக்கற வெல்லம் மொத்தமும் அப்பா எடுத்துப்பார், காலம்பற ஆத்துக்கு அனுப்பிடுங்கோ, மீதிப் பணம் அப்பா தருவார்." பொய்யா சொல்லப் போகிறது வாத்தியார் வீட்டுப் பெண்? யாரோ பெரிய மனுஷன் வாத்தியார் மூலமாகப் பெருமாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் தளிகைக்கு ஏற்பாடு செய்கிறான் என்று கடைக்காரர்கள் நினைத்துக்கொண்டார்களாம். சந்தோஷமாக மூட்டை கட்டிவிட்டார்கள்.

இது ஒன்றும் தெரியாமல் நான் விடியற்காலையில் குளத்தில் நிற்கிறேன். முன்னால் ஒரு பெருங்கூட்டம் எள்ளும் தண்ணீருமாகக் கையை ஏந்திக்கொண்டு நிற்கிறது. கோத்திரம் சொல்லுங்கள் என்கிற இடத்தில், படிக்கட்டின் உச்சியிலிருந்து ஒரு குரல். பொதட்டூர்பேட்டையிலிருந்து வருஷம் தவறாமல் வரும் துளசிராமன். நெல் போடுகிறவர், அதிர்ந்து பேசாத மனுஷன். "இன்னா சாமி இது அநியாயம்? கழுத்துல மருன்னு வேண்டிக்கினு வந்துகிறேன், ஊரு பூரா ஒரு கட்டி வெல்லம் கெடைக்கல! இன்னான்னு கேட்டா, வாத்தியாரு மொத்தத்தையும் வாங்கி ஊட்ல பதுக்கி வச்சிக்கினாருன்றான். உங்க ஊட்டாண்ட போனா, உம்பொண்ணு ரெண்டு மடங்கு டப்பு கேக்குது!" அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. கும்மிடிப்பூண்டியிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த உங்கள் ஆலைப் பக்கத்து ஆட்கள் சிலர் போனைத் தூக்கிப் படம் எடுக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். ஜலத்தில் நின்றபடியே எனக்கு வியர்த்தது, கேசவ். அந்தக் கணத்தில் நீ மட்டும் கையில் கிடைத்திருந்தால் வெல்லத்துக்கு முன்னால் உன்னைக் கரைத்திருப்பேன்.

ஏந்திய கையோடு அப்படியே நில்லுங்கள் என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு, ஈர வேஷ்டியோடு தெருவில் ஓடினேன். தர்ப்பைப் பவித்ரம் விரலிலேயே இருக்கிறது. வழியில் கடைக்காரன் சின்னராசுவைப் பிடித்துக்கொண்டு, ஏனப்பா ஒரு வார்த்தை என்னைக் கேட்கக் கூடாதா என்றேன். "பேஜாரு பண்ணாத சாமி. உம்பொண்ணு டோக்கன் குடுத்துக்கீது. உம்பேர்ல குடுத்தா நான் உன்ன சந்தேகப்படுவனா? மூட்டையெல்லாம் வண்டில ஏத்திக்கினு போய் எறக்கியாச்சு. மீதி டப்புக்கு நாஷ்டா முடிச்சிக்கினு வரேன்" என்கிறான். வாசலுக்கு வந்தால் அங்கே நிற்பது என்ன வண்டி தெரியுமா? மீன்பாடி வண்டி. நம் அகத்து வாசலில், கோலத்தின் மேல். எதிர் வீட்டார் ஜன்னலில் அடுக்கடுக்காகத் தலை.

படியில் உன் சிஷ்யை பெட்டியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் வெல்ல மூட்டைகள், முன்னால் ஜனங்கள். ஒரு வயதான அம்மாள், அவ்வளவு காசு இல்லையே கண்ணு என்கிறார். இவள் கொஞ்சமும் அசராமல், "அப்ப நீங்க ஒரு டர்ன் விட்டுடுங்கோ மாமி. அடுத்த அமாவாசைக்கு வாங்கோ" என்கிறாள். நான் போட்ட சத்தத்தில் மாட்டு வண்டியாக இருந்தால் மாடு மிரண்டிருக்கும். குழந்தை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "நான் தப்பு பண்ணலையேப்பா, ஒரே கலரை மொத்தமா வாங்கினேன். கேசவ் மாமா சொன்னபடிதானே ஆடினேன்?" என்று அழுகிறாள். அவளை என்ன சொல்வது? விளையாட்டு எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று அந்தப் பெட்டியில் எந்த அட்டையிலும் எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் வீடியோவில் கை தட்டிக்கொண்டிருந்தான்.

நான் ஒரு நிமிஷம்தான் யோசித்தேன். படியில் ஏறி நின்று, மகாஜனங்களே, இது குழந்தையின் விளையாட்டு, இந்த வெல்லம் முழுவதும் பெருமாளுடையது, வேண்டுகிறவர்கள் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு காசு கேட்கமாட்டேன் என்று உரக்கச் சொன்னேன். சொன்னபடியே ஒரு காசு கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் மூட்டைகள் காலி. சின்னராசு முதல் எல்லாக் கடைக்காரர்களுக்கும் கடைசிப் பைசா வரை கொடுத்துத் தீர்த்தேன். குளத்துக்குத் திரும்பிப் போனால், கை ஏந்திய கூட்டத்தில் பாதி அப்படியே நிற்கிறது, மீதிப் பாதியைப் பக்கத்துப் படி வாத்தியார் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு தை அமாவாசையில் எனக்கு என்ன நின்றிருக்கும் என்று, கணக்கு எழுதுகிறவன், நீயே போட்டுப் பார்த்துக்கொள். இப்போது குளக்கரையில் எனக்கு வெல்ல வாத்தியார் என்று பேர். அப்பா காலத்துப் பேர் ஒரே காலையில் போயிற்று.

ஆகவே, வெல்லத்துக்கான தொகையை இந்தக் கடிதம் கண்ட உடனே அனுப்பி வை. பெட்டியை உன் அக்கா கட்டிப் போட்டிருக்கிறாள், வந்து எடுத்துக்கொண்டு போ. ஆசையிருந்தால் உன் மனையில் கொக்குகளுக்கு வகுப்பு எடு, அவையாவது உனக்கு வாடகை பாக்கி வைத்திருக்கின்றன. குழந்தைக்குப் பணத்தின் அருமை விளையாட்டில் வராது, அது அப்பன் படுகிற பாட்டைப் பார்த்து வர வேண்டியது. இனி என் வீட்டில் தாயக்கட்டை உருளாது.

உனக்கும் உன் ஆத்துக்காரிக்கும் தீர்க்க ஆயுளும் தேக சௌக்கியமும், உனக்குத் தனியாகக் கொஞ்சம் புத்தியும் அருளும்படி வீரராகவனைப் பிரார்த்திக்கும்,

உன் அத்திம்பேர்
ஆராவமுதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உன் அக்கா இதை வாங்கிப் படித்தாள். "ஒரு காசு கேக்கலைன்னு எழுதியிருக்கேளே, அவாளா போட்டதை ஏன்னா எழுதலை?" என்றாள். தம்பிக்கு அரைகுறைக் கடிதம் போக விடமாட்டாளாம், அதனால் எழுதித் தொலைக்கிறேன். இலவசம் என்று நான் சொன்னதும் ஜனங்கள் இரண்டடி பின்னால் போய்விட்டார்கள். "வேண்டுதல் வெல்லத்த ஓசில வாங்கிக் கரச்சா மரு எப்டி சாமி கரையும்?" என்று என் பின்னாலேயே வந்திருந்த துளசிராமன் கேட்டுவிட்டு, எடுத்த வெல்லத்துக்குப் படியில் இருந்த தட்டில் பணம் போட்டார். வாத்தியார் கையால் வாங்கியதாயிற்றே என்று தட்சணையும் சேர்த்தே போட்டார். பின்னால் வந்தவர்கள் அவரைப் பார்த்துப் போட்டார்கள். சில்லறை இல்லாதவர்கள் எங்கே ஸ்கேன் பண்ணுவது என்று கேட்டபோது, உன் அக்கா தன் போனையே தூக்கிக் காட்டினாள். கடைக்காரர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியது, நான் ஒரு தை அமாவாசை முழுக்க இடுப்பளவு ஜலத்தில் நின்றாலும் வராத தொகை. ஆகவே நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம். பெட்டியும் இங்கேயே இருக்கட்டும். மாசி அமாவாசை வருகிறது. இங்கே உப்பும் மிளகும் காணிக்கை போடுகிறவர்களும் உண்டு, அதை இன்னும் ஒருவனும் யோசிக்கவில்லை. நேற்று சாயங்காலம் நானே கடை கடையாகப் போய் டோக்கன் கொடுத்துவிட்டு வந்தேன். என் பேர் ஒரு தடவை கெட்டது போதும் என்று, உன் பேரைத்தான் சொல்லியிருக்கிறேன். ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு முதல் நாள் ராத்திரியே வந்துவிடு. படியில் நீதான் உட்கார வேண்டும்.