லென்ஸ் பாயும் எட்டு வீட்டு வெள்ளைக் கோடும்

வெங்காயத்தைவிட அதிகமாக என் கண்ணில் நீர் வரவழைத்த ஒரே மனிதர் லென்ஸ் பாய். விருதுநகரிலிருந்து சிவகாசி வரை யாரை நிறுத்திக் கேட்டாலும், "ஐயோ, அவரா" என்று சொல்லிவிட்டு முதலில் தங்கள் சட்டைப் பையைத்தான் குனிந்து பார்த்துக்கொள்வார்கள். காரணம் இருக்கிறது. கோடு போட்ட சட்டையில் பையின் கோடும் சட்டையின் கோடும் சேராவிட்டால், பாயால் அந்த ஆளிடம் மேற்கொண்டு பேச முடியாது. எனக்குப் பெண் பிறந்த செய்தியைச் சொல்ல மிட்டாய் டப்பாவோடு ஓடியபோது, "சந்தோசம் தம்பி. இந்தச் சட்டைய எந்த டெய்லர்ட்ட குடுத்தீக?" என்று கேட்டவர்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் முப்பது வருஷம் கலர் பார்த்தவர். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்கு மை ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழுந்தால்தான் படம். ஒன்று முடி அளவு விலகினாலும் அம்மனின் பொட்டு புருவத்துக்கு ஏறிவிடும். அதைக் கண்டுபிடிக்கக் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு லென்ஸ் வைத்திருந்தார். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றார், லென்ஸ் ஓய்வு பெறவில்லை. ஒருமுறை இருக்கன்குடி அம்மன் கோயில் ஸ்பெஷல் பஸ்ஸின் முகப்பில் ஒட்டியிருந்த படத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன் என்று பஸ்ஸைக் கால் மணி நேரம் நகரவிடவில்லை. "அம்மனுக்கு உதடு ரெண்டுதான டிரைவர். இங்கன நாலு இருக்கு, பாருங்க" என்றார். உள்ளே மொட்டை போடப் புறப்பட்டிருந்த அறுபது பேர் தலையைச் சொறிந்துகொண்டு காத்திருந்தார்கள்.

இப்பேர்ப்பட்டவர் எனக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார் என்றால், என் ஜாதகத்தை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

நாங்கள் இருந்தது குபேரன் நகர். இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் எங்கள் பக்கம் கரிசல் காட்டில் பருத்திக்குப் பதிலாக வெள்ளைக் கல் முளைக்கத் தொடங்கியது. எங்கள் நகருக்கு மனை போட்ட புண்ணியவான், நிலம் எந்த ஊராட்சி என்று பார்க்காமலேயே கல்லை நட்டு, விற்று, ஊரைவிட்டும் போய்விட்டார். நகரின் ஒரு கால் ஓர் ஊராட்சியில், மறு கால் அடுத்த ஊராட்சியில். போதாததற்கு அவை இரண்டும் வேறு வேறு ஒன்றியம். பெயர் சொன்னால் வம்பு. கிழக்கு, மேற்கு என்றே வைத்துக்கொள்வோம்.

கிழக்கு ஊராட்சி தன் எல்லை முடிகிற இடத்தில் 'நன்றி, மீண்டும் வருக' என்று ஒரு பலகை நட்டிருந்தது. மேற்கும் தன் எல்லை முடிவில் அதே வாசகத்தோடு ஒரு பலகை நட்டிருந்தது. இரண்டு பலகைக்கும் நடுவில் எட்டு வீடுகள். அதில் ஒன்று, பட்டாசுக் கம்பெனியில் ஆர்டர் எழுதிக்கொண்டிருந்த நான் கடன் வாங்கிக் கட்டியது. இரண்டு பக்கமும் எங்களை நன்றி சொல்லி வழியனுப்பிவிட்டார்கள். வரவேற்கத்தான் ஆளில்லை.

விளைவு, நகரில் எல்லார் வீட்டிலும் குடிதண்ணீர்க் குழாய், எங்கள் எட்டு வீட்டைத் தவிர. கிழக்கில் கேட்டால் மேற்கைக் காட்டினார்கள். மேற்கில் கேட்டால் டீ வாங்கிக் கொடுத்துக் கிழக்கைக் காட்டினார்கள். கையெழுத்து நன்றாக இருந்த குற்றத்துக்காக நலச்சங்கச் செயலாளர் ஆக்கப்பட்டவன் நான். இரண்டு வருஷம் மனு எழுதியதில் அந்தக் கையெழுத்தும் கெட்டுப்போனது.

என் மனைவி குடத்தைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு நாள், ஸ்டாண்டு சாய்ந்து இரண்டு குடமும் வாசலிலேயே கவிழ்ந்தன. அவள் குடங்களை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குள்ள குழா வரணும். வரலைன்னா பிள்ளைய கூட்டிக்கிட்டு மல்லாங்கிணறு போயிருவேன். எங்கம்மா வீட்ல தண்ணியாச்சும் இருக்கு" என்றாள்.

சொன்னால் செய்கிறவள். நான் லீவு போட்டுக் கிழக்கு ஊராட்சிக் கிளார்க்கைப் பிடித்தேன். நல்ல மனிதர். "எட்டு வீடும் எங்க எல்லைக்குள்ளதான் இருக்குன்னு எழுதுங்க சார். இந்தப் பக்கத்து ஆளு ஒருத்தர சாட்சிக் கையெளுத்துப் போடச் சொல்லுங்க. தலைவர்ட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். இந்தப் பக்கத்து ஆள், அதுவும் ஊர் மதிக்கிற ஆள் என்று யோசித்து, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், வீடு கிழக்குக்குள் இருந்த லென்ஸ் பாயை அழைத்துப் போனேன்.

பாய் பேனாவை வாங்கினார். மூடியைக் கழற்றினார். சுவரில் தொங்கிய ஊராட்சி வரைபடத்தைப் பார்த்தார். பேனாவை மூடிவிட்டு லென்ஸை எடுத்தார். பத்து நிமிஷம்.

"தம்பி, இந்த எட்டு வீடும் இங்கன இல்லையே."

கிளார்க் முகத்தை இறுக்கிக்கொண்டார். அதுவரை கண்டுகொள்ளாமல் இருந்ததை இனி எப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்பது? மனு என் கைக்கே திரும்பி வந்தது.

மறுநாள் பாயிடம் மூச்சு விடாமல் மேற்கு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எனக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். உதவி செய்ய டவுன் பஸ் பிடித்து வந்திருந்தாராம். லென்ஸ் ஏற்கெனவே வரைபடத்தின்மேல் இருந்தது.

"இங்கனயும் இல்ல தம்பி" என்றார், ஏதோ நல்ல சேதி போல.

வெளியே வேப்பமரத்தடியில் வைத்து வெடித்துவிட்டேன். "பாய், உங்க வீட்ல குழா இருக்கு, எங்க வீட்ல இல்ல. ஒரு கையெளுத்துப் போட்டா உங்களுக்கு என்ன போச்சு?"

"எனக்கு ஒண்ணும் போகல. ஆனா நாளைக்கு ஆடிட்ல எவனாச்சும் அந்தப் படத்தைப் பாத்தா, போட்ட குழாயப் பிடுங்கிருவான். அப்ப வீட்ல என்ன சொல்லுவீக?"

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஒரு வாரம் அவர் தெருப்பக்கம் போகவில்லை. அந்த ஒரு வாரமும் அவரையும் காணவில்லை என்பதால் மிகுந்த நிம்மதியாக இருந்தேன்.

எட்டாம் நாள் சுருட்டிய பிலிம் இரண்டோடு வந்தார். பழைய அச்சகத்தில் உட்கார்ந்து இரண்டு ஊராட்சி வரைபடத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். கண்ணாடி போன்ற பிலிமில் கிழக்கு மஞ்சள், மேற்கு நீலம். எங்கள் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஒட்டினார். வெயில் பட்டதும் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கோட்டுக்குள் எட்டுப் புள்ளிகள்.

"ரெண்டு பேரும் பொய் சொல்லல தம்பி. தனித்தனியா ரெண்டு படமும் சரி. சேத்து வைக்கும்போதுதான் வெள்ளை விளுந்துருக்கு."

அந்தப் பிலிமைக் காட்டித்தான் இரண்டு தலைவர்களையும் கிளார்க்குகளையும் கிழக்குப் பக்க ஒன்றிய இன்ஜினீயரையும் ஒரே நாளில் குபேரன் நகருக்கு வரவழைத்தேன். பங்குனிப் பொங்கலுக்கு ஐந்து வாரம் இருந்தது. வந்தவர்கள் பிலிமைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். சர்வே பிரிவுக்கு எழுதி எல்லையை அளந்த பிறகு ஆவன செய்யப்படும் என்றார் இன்ஜினீயர். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார். என் மனைவி உள்ளே போய்ப் பரணிலிருந்து சூட்கேஸை இறக்கும் சத்தம் கேட்டது.

பாய் தொண்டையைச் செருமினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"சார், அச்சுல இப்படி வெள்ளை விளுந்தா நாங்க பிளேட்டை மாத்த மாட்டோம். மஞ்சளைக் கொஞ்சம் அகலமாக்கி நீலத்துக்கு அடியில விட்ருவோம். ஒட்டிக்கிரும். அம்புட்டுதான். நீங்க ரெண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் உள்ள வாங்க."

"எல்லைய நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது பாய்" என்றார் இன்ஜினீயர்.

"எல்லைய மாத்த வேணாம். போர்டை மாத்துங்க. கிழக்குப் போர்டு எட்டு வீட்டையும் தாண்டி அந்தப் பக்கம் நிக்கட்டும். மேற்குப் போர்டு தாண்டி இந்தப் பக்கம் வரட்டும். அளந்து முடிக்கிற வரைக்கும், போர்டு நிக்கிற இடம் மட்டும் நாங்க பாத்துக்கிறோம்னு ரெண்டு ஊராட்சியும் தீர்மானம் போட்ருங்க."

மேற்குக் கிளார்க், சர்வே இல்லாமல் எப்படிப் பலகையை நகர்த்துவது என்று இழுத்தார். கிழக்குத் தலைவர் மீசையைத் தடவிக்கொண்டார். "நடும்போது எவன்யா சர்வே பண்ணான்? எங்க ஊராட்சி எட்டு வீடு பெருசாகுதுன்னா நான் எதுக்கு வேணாங்கணும்?" என்றார். கிழக்கு பெரிதாவதை மேற்குத் தலைவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே இரண்டு பலகையும் இடம் மாறின.

பங்குனிப் பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு எங்கள் வாசலில் குழாய் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. திங்கள்கிழமை கிழக்குத் தண்ணீர், வியாழக்கிழமை மேற்குத் தண்ணீர். சூட்கேஸ் பரணுக்கு ஏறியது. அளக்க இன்றுவரை ஆள் வரவில்லை. வரக்கூடாது என்று என் மனைவி வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

முதல் நாள் தண்ணீர் விழுந்தபோது பாயை அழைத்து வந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தார்.

"ரெண்டு குழாயும் ஒரே உசரம் இல்ல தம்பி. அரை இஞ்சு இறங்கியிருக்கு."

இப்போது அவர் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே யார் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரோ தெரியாது. எங்கள் வீட்டுக்கு டிசம்பரில் வரும் தினசரி காலண்டரை என் மனைவி ஆணியில் மாட்ட விடுவதில்லை. அட்டையோடு கூரியரில் அவருக்குப் போகிறது. நிதானமாக லென்ஸ் வைத்துப் பார்த்து, பின்பக்கம் பென்சிலில் எழுதி அனுப்புவார்: 'வேல் நுனியில் சிவப்பு விலகல். பரவாயில்லை, மாட்டலாம்.' அது திரும்பி வருவதற்குள் தைப் பொங்கலே முடிந்துவிடும். ஊருக்கெல்லாம் ஜனவரி ஒன்றாம் தேதி பிறக்கும் வருஷம், எங்கள் வீட்டில் பாய் சரி என்று சொன்ன பிறகுதான் பிறக்கிறது.