இரும்புக்காரரைக் கூட்டி வரவேண்டாம்

வட்டக்கச்சி,
வியாழக்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய வீரகத்தி மாமாவுக்கு,

உங்கள் மருமகள் யதுர்ஷிகா எழுதுவது. இங்கு நாங்கள் நலம். அம்மாவின் முழங்காலும் அப்பாவின் வயலும் நலம். வவுனியாவில் நீங்களும் மாமியும் அவ்விதமே இருக்க வேண்டுகிறோம். காரின் நலத்தைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

சனிக்கிழமை பழைய இரும்பு வாங்குபவரோடு வந்து காரை ஏற்றப்போவதாக அம்மாவிடம் சொன்னீர்களாம். வரவேண்டாம். தொலைபேசியில் சொன்னால் முதல் வசனத்திலேயே மறித்துவிடுவீர்கள். அதனால் கடிதம். நெடுங்கேணிக்கு அப்பால் கிரவல் அள்ளி முடித்த வெளியில் அடுத்த மாதம் கார் ஓட்டப் போட்டி. நான் பெயர் கொடுத்துவிட்டேன். கார் ஓடும். இப்போது ஓடவில்லை. இரண்டும் உண்மை.

போட்டிக்கென்று நீங்கள் வாங்கி, மாமி கோழி அடைத்த கார் அது. பின் இருக்கை இல்லை. உள்ளே இரும்புக் கூடு. உங்கள் வளவிலிருந்து இங்கு கொண்டுவந்து, உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து இறக்கிய அன்று அது ஒரே திருப்பில் உறுமியது. அயலில் மாடுகள் கயிறறுத்தன. எனக்குப் பட்டம் கிடைத்த நாளில்கூட அப்படி ஒரு மகிழ்ச்சி வந்ததில்லை. அடுத்த கிழமை இருமியது. வெள்ளைப் புகை. பிறகு மௌனம். கைத்தொலைபேசிக் காணொளியில் ஒரு மனிதர் எஞ்சினைக் கழற்றிக் காட்டினார். அவருடைய தரை வெள்ளை, கையுறை வெள்ளை. நான் மாட்டுக்கொட்டிலில், அப்பாவின் பழைய சாரத்தைத் தரையில் விரித்து, எஞ்சினின் தலைப்பகுதியைத் திறந்தேன். திறப்பது சுலபம். அதுதான் அந்த வேலையின் பொறி.

எந்தப் போல்ட் எந்தத் துளைக்குரியது என்று மறக்காமலிருக்க, குசினியிலிருந்து இடியப்பத் தட்டுகளை எடுத்து வந்து, கழற்றிய ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாக அடுக்கினேன். நல்ல யோசனை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். பின்னேரம் அம்மாவுக்கு இடியப்பம் அவிக்கவேண்டியிருந்தது. நான் வயலிலிருந்து திரும்பியபோது எல்லாப் போல்ட்டுகளும் ஒரே பேசினில், சவர்க்கார நுரைக்குள் கிடந்தன. அம்மா கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "உன்ர சாமானுகளையும் சேத்துக் கழுவி வைச்சிருக்கிறன் பிள்ளை. என்ன ஊத்தை" என்றா. அன்றைய இடியப்பத்தில் மெல்லிய கிரீஸ் வாசம். ஒருவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. மூன்று முறை போட்டுச் சாப்பிட்டோம்.

போல்ட்டுகளை நீளம் பார்த்துப் பிரித்தேன். பூட்டினேன். இருமல், புகை, மௌனம். மறுபடி கழற்றினேன். கிளிநொச்சிக்குப் போய்ப் புதிய கஸ்கெட் தகடு வாங்கி வந்து, தலைப்பகுதிக்குக் கீழே இடையில் வைத்துப் பூட்டினேன். அதே புகை, இன்னும் தடிப்பாக. ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினேன். கார்பரேட்டரைக் கழுவினேன். ஒவ்வொரு முறை தோற்று எழும்பும்போதும் அப்பா கொட்டில் வாசலில் நின்று ஆறுதல் சொல்வார். பிறகு, பாவம் பிள்ளை என்று, நான் சாப்பிடப் போன நேரம் பார்த்து டாங்கியை நிரப்பிவிடுவார்.

நேற்று, பெற்றோல் குழாயைக் கழற்றும்போது கையில் வழிந்ததை மணந்து பார்த்தேன். பிறகு நேராக அப்பாவிடம் போனேன்.

"அப்பா, டாங்கிக்குள்ள என்ன விட்டனீங்கள்?"

"பெற்றோல்தான். கொஞ்சம் கலந்து விட்டனான்."

"எதைக் கொஞ்சம்?"

அப்பா யோசித்தார். "பெற்றோலைக் கொஞ்சம்."

மிச்சம் மண்ணெண்ணெய். கார் வந்த முதல் கிழமையிலிருந்தே. அவருக்கு அது பிழையாகவே படவில்லை. யுத்தத்தில் பெற்றோல் வராத அந்த வருடங்களில் வன்னி முழுக்க அப்படித்தானே ஓடியது என்றார். ஒரு சொட்டுப் பெற்றோலில் எழுப்பி, மண்ணெண்ணெயில் நாயாறு வரைக்கும் போய் வந்தாராம். "அந்த மோட்டச்சைக்கிள் உன்ர கார் மாதிரிச் செல்லம் கொட்டேல்லை" என்றார். யாரை ஏற்றிக்கொண்டு போனார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றும் போத்தலில் தனிப் பெற்றோலைப் பார்த்தால் அவருடைய கை தானாகக் கலக்கிறது. என்ன சொல்ல?

ஆக, எஞ்சினில் பிழையே இருக்கவில்லை. நான் கழற்றும்வரை. இப்போது டாங்கி வெறுமை. நாளை தனிப் பெற்றோல் வாங்கி வந்து, அப்பா காணாத இடத்தில் வைத்து, நானே ஊற்றுவேன். பேசினில் மிஞ்சிய இரண்டு போல்ட்டுகள் எங்கிருந்து வந்தவை என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. கண்டுபிடிப்பேன். சனிக்கிழமை வரவேண்டாம் மாமா. இரும்புக்காரரிடம், அது இரும்பு அல்ல, கார் என்று சொல்லிவிடுங்கள்.

மாமியின் கால்களுக்கு என் வணக்கம். கோழிகளுக்கும் என் அன்பு. அவற்றின் இறகு இன்னும் காற்றுக் குழாய்க்குள் வருகிறது.

பணிவான மருமகள்,
யதுர்ஷிகா தவராசா

பி.கு.: வெள்ளி காலை. கடிதத்தை ஒட்டமுன் எழுதுகிறேன். கார் ஓடியது மாமா. புகை இல்லை, இருமல் இல்லை, ஒரே திருப்பு. அம்மா சில்லுக்குக் கீழே வைத்த தேசிக்காயை நசித்துக்கொண்டு வெளியே வந்து, வாய்க்கால் கட்டின்மேல் ஏறி, பறந்தது. இவ்வளவு காலமும் எஞ்சினை மட்டுமே பார்த்திருக்கிறேன் என்பது பிரேக்கை மிதித்தபோதுதான் விளங்கியது. மிதி தரைவரை போனது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. கார் வாய்க்காலில், மூக்குக் கீழே, தண்ணீரை அணைபோல மறித்தபடி நிற்கிறது. கீழ்வயல்காரர் எல்லோரும் கட்டின்மேல் கூடிவிட்டார்கள். "கார் திறமான கார் தங்கச்சி. தண்ணியை மட்டும் விடச் சொல்லு" என்கிறார் செல்வநாயகம் அண்ணை. உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்தோம். கயிறு அறுந்தது. உங்கள் இரும்புக்காரரின் லொறியில் பாரம் தூக்குகிற சங்கிலி இருப்பதாக அம்மா சொல்கிறா. ஆகவே சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இக்கடிதம் கொண்டு வரும் வவுனியா பஸ்காரரைக் கண்டதும் புறப்படுங்கள். இரும்புக்காரரையும் கூட்டி வாருங்கள். சங்கிலியைக் கழற்றும்வரை அவரோடு விலை பேசாதேங்கோ.